பதக்கமும் ஒளித்திரையும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நள்ளிரவுக்குப் பின் பயணம் செய்திருப்பீர்களாயின், அன்பு வாசகர்களே, அந்த வட்டாரத்தில் இரவு என்று ஒன்று இல்லை என்பதை அறிவீர்கள். ஏரி நீரை நம்பி நெல் விளைத்த சிற்றூர்களின் ஓரமெல்லாம் இன்று மதிற்சுவர்களும் உயர்ந்த விளக்குகளும் நிற்கின்றன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2010-இல் ஒரகடத்தில் மற்றொரு பெரிய கார் ஆலை திறக்கப்பெற்றது. பெரிய ஆலை ஒன்று வந்தால், உதிரிப்பாகம் செய்து தரும் சிறிய ஆலைகள் தாய்க்கோழியின் பின் குஞ்சுகளைப்போல் வந்து சேரும். அத்தகைய குஞ்சு ஒன்றில்தான் நான் 2006 முதல் பணியாற்றி வருகிறேன். இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் இயந்திரங்கள் ஓடும் கூடம் அது. 2018-ஆம் ஆண்டில் அக்கூடத்தின் இரவுப் பணிக்கு நான் அணித்தலைவன். எங்கள் பேச்சில் 'லைன் லீடர்'.

பசாசோடு போராடுவது பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தோற்றவனுக்குள்ள தகுதிதான். ஆனால் தோற்ற கதையைச் சொல்லுமுன் என் பாட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நெல்லைச் சீமையில் நான் பிறந்த சிற்றூரில், இரவு உணவுக்குப் பின் பாட்டி முழந்தாளிட்டு அதிதூதர் மிக்கேலை நோக்கி ஒரு செபம் சொல்லுவாள். போரிலே எங்களைக் காத்தருளும் என்று வேண்டும் அந்தச் செபத்தைத் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1886-இல் சிறு பூசையின் முடிவில் உலகெங்கும் சொல்லப் பணித்தார். 1965-இல் வழிபாட்டுச் சீர்திருத்தத்தோடு அது பூசையிலிருந்து நீங்கிற்று. பாட்டியின் நாவிலிருந்து நீங்கவில்லை. அவள்தான் என்னைப் புளியம்பட்டி அந்தோனியார் கோவிலுக்கும் அழைத்துச் சென்றவள். அங்கே தலைவிரி கோலமாய் ஆடிய பெண்களையும், கற்றூணைப் பற்றிக்கொண்டு கதறிய ஆண்களையும் பார்த்து, அவள் சேலைக்குள் முகம் புதைத்துக்கொண்டேன். அவர்களுள் நோயாளிகள் எத்தனை பேர், துயரத்தால் நொறுங்கியவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் அறியும் வயது அன்று. பசாசு என்றால் கூச்சலிடும் என்று மட்டும் மனத்தில் பதிந்தது. அந்தத் தவறான பாடத்தை நாற்பது ஆண்டுகள் சுமந்துகொண்டிருந்தேன்.

2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 29, அதிதூதர்கள் திருநாளன்று, அக்டோபர் மாதம் முழுவதும் செபமாலையோடு மிக்கேலின் செபத்தையும் சேர்த்துச் சொல்லுமாறு திருத்தந்தை பிரான்சிஸ் உலகெங்குமுள்ள நம்பிக்கையாளரைக் கேட்டுக்கொண்டார். முன்பே 1994-இல் இரண்டாம் அருள் சின்னப்பரும் இச்செபத்தை மறவாதிருக்கும்படி சொல்லியிருந்தார். பாட்டி திரும்பி வந்ததுபோல் எனக்கு மகிழ்ச்சி. பணிக்குச் செல்லும் கம்பெனிப் பேருந்தில் செபமாலை, வாயிலில் இறங்கும்போது மிக்கேல் செபம் என்று மாதம் முழுவதும் தவறாது செய்தேன். மிக்கேல் சம்மனசின் உருவம் பொறித்த சிறு பதக்கங்கள் பத்து வாங்கிப் பங்குத்தந்தையிடம் மந்திரித்துப் பெற்று, எங்கள் கூடத்துக் கத்தோலிக்கருக்கெல்லாம் கொடுத்தேன். எஞ்சியவற்றுள் ஒன்றை மூன்றாம் எண் பிரஸ்ஸின் மின்பெட்டிக்குள் ஒட்டி வைத்தேன். அம்மாதம் 18-ஆம் நாள் ஆயுத பூசை. அதே இயந்திரத்துக்குச் சந்தனப் பொட்டிட்டு, எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்து, வாயிலில் பூசணிக்காய் உடைத்தார்கள். பாவம், இந்த மக்கள் எதையெல்லாம் நம்புகிறார்கள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். பொரியும் சுண்டலும் மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதக்கம் பெற்றவர்களுள் ஒரு தம்பி. ஜார்க்கண்டு மாநிலத்துப் பழங்குடியைச் சேர்ந்தவன், இருபது வயது, ஒப்பந்தத் தொழிலாளி. பாட்டன் சால் மரத் தோப்பில் வழிபட்டவர். தந்தை காலத்தில் திருமுழுக்குப் பெற்ற குடும்பம். 2002-இல் உருவான எங்கள் செங்கல்பட்டு மறைமாவட்டத்தின் தொழில்வட்டாரக் கோவில்களில், பின் வரிசையில் அமைதியாக நின்று, தமிழ்த் திருப்பலியில் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் கைகூப்பும் இத்தகைய இளைஞர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவன் கற்ற முதல் தமிழ்ச் சொல் 'அண்ணா'. பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிவிட்டு, "இனி உனக்கு ஒன்றும் ஆகாது, தம்பி" என்றேன். அவன் அதை எடுத்து முத்தமிட்டான்.

இனிமேல்தான் நான் சொல்லத் தயங்குவது. பிரஸ் இயந்திரத்தின் முன்புறம் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்களாலான ஒரு திரை உண்டு. கையோ தலையோ கதிரை மறித்தால் இயந்திரம் அந்தக் கணமே நிற்கும். நாங்கள் அதைச் 'சென்சார்' என்போம். நவம்பரில் புதிய உறுப்பு ஒன்றுக்கு வேலை வந்தது. தகட்டின் நீண்ட விளிம்பு அடிக்கடி கதிரை மறித்தது. இயந்திரம் அடிக்கடி நின்றது. இரவுக்குரிய எண்ணிக்கை எட்டவில்லை. தகட்டைக் கையால் பிடிக்க வேண்டியிருந்ததால் இரு கைப் பொத்தான்களும் முன்பே மிதிகட்டைக்கு மாற்றப்பட்டிருந்தன. எஞ்சியிருந்த ஒரே காவல் ஒளித்திரை. மேலிருந்து வாய்மொழியாக உத்தரவு வந்தது: ஒரு வாரத்துக்கு மட்டும் பைபாஸ் போடுங்கள். ஒரு வாரம் மூன்று வாரமாயிற்று. ஆபத்தான இயந்திரப் பகுதிக்குத் தடுப்பு வேண்டும் என்று அன்று நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு கூறியதை, பயிற்சி வகுப்பில் நானே மற்றவர்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். ஒவ்வோர் இரவும் பணி தொடங்குமுன் சரிபார்ப்புத் தாளில் 'சென்சார்' என்ற கட்டத்துக்கு எதிரே 'சரி' என்று குறியிட்டுக் கையொப்பமிட்டவனும் நானே. கையொப்பமிட்ட விரல்களில் சற்றுமுன் செபமாலை மணிகள் உருண்டிருந்தன.

திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரம், பின்னிரவு மூன்று மணி. வலக்கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் போயின. அவன் அலறவில்லை. "அண்ணா" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டான். இரண்டாம் எண் இயந்திரத்தருகில் நின்ற என் காதில் அது விழுந்தது எப்படி என்று இன்றும் விளங்கவில்லை.

மறுநாள், அவன் தங்கியிருந்த அறையில் இருசக்கர வண்டியின் சங்கிலியில் கை சிக்கியதாக ஒரு கடிதம் எழுதப்பட்டது. சாட்சியாக என் கையொப்பம் கேட்டார்கள். யாரும் மிரட்டவில்லை. என் மகளின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடனின் மாதத் தவணை, வயது நாற்பத்தாறு என்னும் மூன்று எண்களை என் மனமே எனக்கு எடுத்துக் கூறிற்று. புளியம்பட்டியில் கேட்ட கூச்சல் எதுவுமில்லை. நல்ல நண்பர் ஒருவர் ஆலோசனை சொல்வதுபோல் இருந்தது. கையொப்பமிட்டேன்.

மூன்றாம் எண் இயந்திரத்தில் பேய் இருக்கிறது என்ற பேச்சு ஒரே வாரத்தில் கிளம்பிற்று. கட்டடம் எழுமுன் அங்கே சுடுகாடு இருந்தது என்றார் ஒருவர். வெள்ளைச் சேலையைக் கண்டேன் என்றார் இன்னொருவர். இன்னும் கொடியது, தம்பியின் அறைக்கு வந்த ஒரு செபக்காரர் சொன்னது. அவர் நம் குருவும் அல்லர், எந்தச் சபைக்கும் பொறுப்பானவரும் அல்லர். பாட்டன் வணங்கிய மரங்களின் ஆவிகள் பேரனைத் தொடர்ந்து வந்து விரல்களைக் கேட்டன என்றும், ஏழு நாள் நோன்பிருந்து காணிக்கை செலுத்தினால் கட்டு அறுபடும் என்றும் கூறினார். கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி தம்பி என்னைப் பார்த்து, "நான் சரியாகச் செபிக்கவில்லையா, அண்ணா?" என்று கேட்டான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையசைத்தேன். பேய் என்றும் சாபம் என்றும் கேட்டபோது எனக்குள் ஒரு நிம்மதி பரவிற்று. ஆவிகள் பழியை ஏற்றுக்கொண்டால், சரிபார்ப்புத் தாளை யாரும் புரட்டிப் பார்க்கமாட்டார்கள் அல்லவா!

பசாசு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அது புராணமோ உருவகமோ வெறும் கருத்தோ அன்று என்று 2018 மார்ச்சில் கையொப்பமிட்ட தம் ஊக்கவுரையில் திருத்தந்தை பிரான்சிஸ் தெளிவாகவே எச்சரித்தார். ஆனால் திருச்சபை இக்காரியத்தில் எத்துணை நிதானமாக நடக்கிறது என்பதை நம் மக்களுள் பலர் அறியார். ஆயரின் வெளிப்படையான தனி அனுமதி பெற்ற குரு அன்றி வேறெவரும் பேயோட்டும் சடங்கை நிறைவேற்றலாகாது என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1172-ஆம் எண். பக்தி, அறிவு, முன்மதி, நேர்மையான வாழ்வு ஆகிய நான்கும் அக்குருவிடம் இருக்க வேண்டும் என்றும் அதே எண் கேட்கிறது. நோயையும் மனத்துயரையும் பேயென்று எளிதில் முடிவு கட்டலாகாது என்று புதுப்பிக்கப்பட்ட சடங்குநூல் எச்சரிக்கிறது. விரலிழந்த பிள்ளையிடம் வந்து உன் பாட்டன்தான் காரணம் என்று சொல்பவரைப் பற்றி அந்நூலில் ஒன்றுமில்லை. அதற்கு நூல் தேவையுமில்லை.

அந்த மாதங்களில் நான் செபத்தை விடவில்லை. முன்னிலும் மிகுதியாகவே செபித்தேன். 91-ஆம் திருப்பாடலை, நம் பழைய நூல்களில் 90 என்று எண்ணிட்டிருக்கும் அடைக்கலப் பாடலை, மனப்பாடமாக்கியிருந்தேன். இரவின் அச்சத்துக்கும் பகலின் அம்புக்கும் கடவுள் காவல் என்னும் அப்பாடலை விட இரவுப் பணியாளனுக்கு ஏற்றது எது? சொல்லச் சொல்ல நெஞ்சு கல்லாயிற்று. ஏனென்று விளங்கவில்லை.

2019 மார்ச் 10, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. அவ்வாண்டு லூக்காஸ் நற்செய்திக்குரிய ஆண்டு. பதிலுரைப் பாடலாகப் பாடகர் குழு தொடங்கியது அதே 91-ஆம் பாடல். எனக்கென்றே பாடுகிறார்கள் என்று கண்கலங்கினேன். சற்று நேரத்தில் நற்செய்தி. பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்த ஆண்டவரைப் பசாசு எருசலேம் கோவிலின் உச்சியில் நிறுத்திக் கீழே குதிக்கச் சொல்கிறது. குதித்தால் தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று மறைநூலிலிருந்தே சான்று காட்டுகிறது. எந்தப் பகுதியிலிருந்து? அதே 91-ஆம் பாடலிலிருந்து.

எத்தனையோ முறை கேட்ட நற்செய்திதான். அன்றுதான் என் செவியில் ஏறிற்று. கடவுள் காப்பார் என்பது பசாசின் வாயிலும் வரும். ஆண்டவர் அந்தப் பாடலை மறுக்கவில்லை. கடவுளைச் சோதிக்கலாகாது என்று மட்டும் சொல்லி அவ்விடத்திலேயே நின்றார். நானோ குதிக்கக்கூட இல்லை. இன்னொருவனை உச்சியில் நிறுத்தி, கைப்பிடிச் சுவரையும் அகற்றிவிட்டு, தூதர்கள் தாங்குவார்கள் என்று கழுத்தில் பதக்கம் மாட்டிவிட்டேன்.

அன்று மாலையே பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குச் சென்றேன். குருவானவரின் சொற்களை அவர் வெளியிட மாட்டார். நான் சொல்லத் தடையில்லை. நெடுநேரம் கேட்டிருந்துவிட்டு, அந்த எலுமிச்சம்பழத்துக்கும் உங்கள் பதக்கத்துக்கும் அன்று என்ன வேறுபாடு இருந்தது என்று கேட்டார். எனக்கு விடை வரவில்லை. பதக்கத்தில் குறையில்லை, உள்ளத்தை இறைவனிடம் தராமல் பொருளையும் சொல்லையும் மட்டும் நம்பினால், புனிதப் பொருளும் மூடநம்பிக்கைக்கு உதவும் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே கூறுகிறது என்றார். பின்பு, "மன்னிப்பு உண்டு. ஆனால் நீங்கள் கையொப்பமிட்ட கடிதம் இந்தக் கணத்திலும் அந்தப் பிள்ளைக்கு எதிராக வேலை செய்துகொண்டிருக்கிறது" என்றார். பிறரிடமிருந்து பறித்ததைத் திருப்பித் தரவேண்டும் என்று சிறுவயதில் படித்திருக்கிறோம். உண்மையையும் திருப்பித் தரவேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

தனியே போராடாதீர்கள், மனைவியிடம் சொல்லுங்கள் என்றும் அவர் சொன்னார். புனித இஞ்ஞாசியார் தம் ஞானப்பயிற்சி நூலில், பகைவன் இரகசியமாய் உறவாட வரும் கயவனைப் போன்றவன், தன் பேச்சு வெளியே தெரிந்துவிடுவதையே அவன் அஞ்சுகிறான் என்று எழுதியிருப்பதை எடுத்துக் காட்டினார்.

எங்கள் ஆலை வாயிலில் தலைக்கவசம், பாதுகாப்புக் காலணி, கையுறை, கண்ணாடி, காதடைப்பான் எல்லாம் அணிந்தால்தான் காவலர் உள்ளே விடுவார். எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் 6-ஆம் அதிகாரத்தில் பவுலடியாரும் (எங்கள் தலைமுறைக்குச் சின்னப்பர்) ஒரு பட்டியல் தருகிறார். மார்க்கவசம், காலணி, கேடயம், தலைச்சீரா, வாள் என்று மறைக்கல்வி வகுப்பில் படமாக வரைந்திருப்போம். அவற்றுக்கெல்லாம் முன்னதாக அவர் கூறுவது இடைக்கச்சை. உண்மைதான் அக்கச்சை. அணிகளை எல்லாம் சொல்லி முடித்த பின்பே, விழித்திருந்து மன்றாடச் சொல்கிறார். கச்சை கட்டாமலே ஐந்து மாதங்கள் வாளைச் சுழற்றியிருக்கிறேன்.

வீட்டில் சொன்னேன். மனைவி அழவில்லை, ஏசவுமில்லை. எழுந்து சென்று பீரோவிலிருந்து நகை அடகுச் சீட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். "இதை இந்த வருடம் மீட்க வேண்டாம்" என்றாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். நான்தான் உறங்கவில்லை.

உடனே துணிவு பிறந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். மேலும் ஒன்பது நாள் ஆயிற்று. இரவுப் பணி முடிந்து காலையில் இறங்கியதும் கோவிலுக்குச் சென்று, நற்கருணைப் பேழைமுன் அரைமணி நேரம் அமர்வேன். பெரும்பாலும் தூக்கம் வரும். அச்சம் குறையவேயில்லை. ஏழாம் நாளோ எட்டாம் நாளோ மிக்கேல் செபத்தைச் சொல்லிக்கொண்டிருக்கையில் 'எங்களை' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். ஐந்து மாதங்களாக அச்சொல்லை 'என்னை' என்றே மனத்துக்குள் பொருள் கொண்டிருக்கிறேன்! அந்தத் தம்பி 'எங்களை'க்குள் இருக்கவில்லை. அன்று அவன் பெயரைச் சேர்த்துச் சொன்னேன். தொண்டை அடைத்தது. அச்சம் இருந்த இடத்திலேயே இருந்தது, கால்கள்மட்டும் நடந்தன.

ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்து மூலம் வாக்குமூலம் கொடுத்தேன்: விபத்து நடந்தது ஆலையில், ஒளித்திரை செயலற்றிருந்தது, தாளில் 'சரி' என்று எழுதியது பொய், சங்கிலிக் கடிதமும் பொய், இரண்டிலும் கையொப்பம் என்னுடையது. எழுதி முடித்தபின் அலுவலர் அதைத் திருப்பிக் கொடுத்து, ஒருமுறை படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். படித்தேன். என் வாழ்நாளில் நான் சொன்ன மிக நீண்ட செபம் அதுவாகத்தான் இருக்கும்.

அதன்பின் நடந்தவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். என்னை வேலையைவிட்டு நீக்கவில்லை. அணித்தலைவர் பொறுப்பு போயிற்று. பண்டகச் சாலைக்கு மாற்றினார்கள். அவ்வாண்டு ஊதிய உயர்வு இல்லை. உணவுக்கூடத்தில் என் மேசையில் சில மாதங்கள் யாரும் அமரவில்லை. அது நான் எதிர்பார்த்ததைவிட வலித்தது. தம்பியின் காயம் பணியின்போது நேர்ந்த காயமென்று ஏற்கப்பட்டு, மருத்துவக் குழுவின் முன் அவன் நிற்க ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. சட்டத்தின் அட்டவணையில் ஒரு கையின் இரண்டு விரல்கள் போனால் சம்பாதிக்கும் ஆற்றலில் 20 விழுக்காடு இழப்பு என்று இருக்கிறது. அதற்கேற்ற தொகை மாதந்தோறும் அவனுக்கு வருகிறது. பெரிய தொகையன்று. கடவுள் ஏன் அந்தக் கையைக் காக்கவில்லை என்ற கேள்விக்கு என்னிடம் விடையில்லை. காக்க வேண்டிய இடத்தில் நிறுத்தப்பட்டவன் நான் என்பது மட்டும் தெரியும்.

ஊருக்குப் புறப்படுமுன், 2020 பிப்ரவரியில், அவன் ஒரு சந்தேகம் கேட்டான். வலக்கை இப்படி ஆனபின் சிலுவை அடையாளத்தை இடக்கையால் வரையலாமா என்று. பங்குத்தந்தையிடம் அழைத்துச் சென்றேன். அவர் அவனுடைய வலக்கையைத் தம் கையில் எடுத்து, எஞ்சிய விரல்களைச் சேர்த்து, நெற்றிக்குக் கொண்டுபோய், மெல்ல வரையக் கற்றுக் கொடுத்தார். தொடர்வண்டி நிலையத்தில் வண்டி நகரத் தொடங்கியபோது சன்னலருகே அவன் அப்படியே வரைந்தான். பதக்கம் கழுத்தில் கிடந்தது.

இன்றும் ஆண்டுதோறும் செப்டம்பர் 29-ஆம் நாள் அவனிடமிருந்து தொலைபேசி அழைப்பு வரும். வயல், மழை, தாயின் உடல்நலம் எல்லாம் பேசி முடித்தபின், ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்பான்: "அண்ணா, மூணாம் நம்பர்ல பச்சை லைட்டு எரியுதா?" பண்டகச் சாலையிலிருந்து உணவுக்கூடத்துக்குப் போக வேறு வழி உண்டு; நான் பிரஸ் கூடத்தின் வழியாகத்தான் போவேன். ஆதலால் அவனுக்கு விடை சொல்ல முடிகிறது. "எரியுது, தம்பி. இன்னிக்கும் பார்த்தேன்" என்கிறேன்.